முதல் வாய்

எங்கள் அண்ணி சாப்பிட்டு முடித்து ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியில் கரண்டியை விட்டு ஒரு வாய் எடுப்பாள். ஊதி வாயில் போடுவாள். மென்று விழுங்கிவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நடை நடந்துட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று வெளியே கிளம்பிவிடுவாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதைக்குப் பின்னால் எங்கள் வீடு. வாசலிலிருந்து புளியமரம் வரைக்கும் போவாள், திரும்புவாள், மாட்டுக் கொட்டகையைச் சுற்றுவாள், மறுபடியும் புளியமரம். நாங்கள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்போம். நாங்கள் என்றால் என் அம்மா, என் அண்ணன், நான். பிற்பாடு அண்ணியின் மகனும் சேர்ந்துகொண்டான். பசி வயிற்றைக் கிள்ளும். சோறு எங்கள் கண்ணெதிரே ஆறும். அந்த வீட்டில் சூடாகச் சோறு தின்ற ஞாபகமே எனக்குக் கம்மி.

இதை எழுதும்போதுகூட என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். "உனக்கு இன்னா, கால்ல சக்கரமா?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அண்ணியிடமிருந்து ஒட்டிக்கொண்டது, அவருக்கு என்ன தெரியும்.

யோசித்துப் பாருங்கள், எந்த வீட்டில் மருமகள் முதலில் தின்பாள்? ஆம்பளைகள் தின்று, பிள்ளைகள் தின்று, மாமியார் தின்று, சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மருமகளுக்கு. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அது நியாயமா என்பது வேறு பேச்சு. இவளோ வந்த மறுநாளே அதை உடைத்தாள்.

அண்ணி செங்கம் பக்கத்துக் கிராமம். கல்யாணம் நடந்தது எண்பத்தொன்பது கடைசியில். ஒல்லியான உடம்பு, நல்ல கறுப்பு, நீளமான கால். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். பெரியப்பாவும் இன்னும் சில உறவுக்காரர்களும் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. அண்ணன் மாப்பிள்ளை மிடுக்கோடு நடுவில். "உன் கையால போடும்மா" என்று அம்மா குழம்புச் சட்டியைப் புது மருமகளிடம் கொடுத்தாள். அண்ணி சட்டியைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு துண்டுக் கறியை எடுத்து, அத்தனை பேரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். "தோ வந்துட்டேங்க" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"பொண்ணுக்குப் பசி போல இருக்குது" என்றார் பெரியப்பா, இலையைப் பார்த்துக்கொண்டே.

"பசியா? வளத்த லட்சணம்!" அம்மா பல்லைக் கடித்தாள்.

அண்ணி திரும்பி வந்து ஒன்றுமே நடக்காதவள்போலப் பரிமாறினாள். அன்றிலிருந்து எங்கள் உறவில் அவளுக்குப் பெயர் முந்திரிக்கொட்டை. எங்கே பார்த்தாலும், "உங்க வூட்டு முந்திரிக்கொட்டை சவுக்கியமா?" என்றுதான் விசாரிப்பார்கள். அம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். அண்ணன் மட்டும் எதுவும் சொல்ல மாட்டான். அவனுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். "ஒரு வாய் தானே, தின்னுட்டுப் போவட்டும் வுடு" என்பான். காரணம் அவனுக்கும் தெரியாது.

என் கதையைக் கேளுங்கள். போளூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா காலையிலேயே அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் உன் வாயக் கட்டு தாயே. உனக்குப் புண்ணியமாப் போவும்." அண்ணியும் சரி அத்தை, சரி அத்தை என்று தலையாட்டினாள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. நான் பட்டுப்புடவையில் தட்டை ஏந்திக்கொண்டு கூடத்துக்குள் கால் வைக்கிறேன், கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ஒரு பஜ்ஜியை எடுத்தது. மாப்பிள்ளையின் அம்மா நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அண்ணி வாயை மூடிக்கொண்டு மென்றபடி வந்தவர்களுக்கு நடுவே புகுந்து வாசலுக்கு நடந்தாள். என்னைக் கடக்கும்போது, "பாப்பா, கொஞ்சம் நில்லு" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்! அதுதான் கொடுமை. பழக்க தோஷம். நட்டநடுக் கூடத்தில் தட்டோடு அசையாமல் நிற்கிறேன். "வாம்மா, வா" என்று அவர்கள் கூப்பிடுகிறார்கள். கால் நகர மாட்டேன் என்கிறது. அண்ணி புளியமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, "ம், குடு" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் சித்தி, "பொண்ணுக்குக் கால்ல ஏதாவது கோளாறா?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு தட்டிப்போனது. நான் அண்ணியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "புது எண்ணெய் பாப்பா. வேற கடையில வாங்குனது."

அதெல்லாம் நாங்கள் கஷ்டத்தில் இருந்த காலம். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மழை எங்களை அடுத்தடுத்து ஏமாற்றியது. எங்களுடையது மானாவாரி நிலம். மல்லாட்டைதான் போடுவோம், நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. விதைத்தது முளைக்கவில்லை, முளைத்தது காய்க்கவில்லை. கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. கொட்டகையில் இருந்த மாடுகள் ஒவ்வொன்றாய்ச் சந்தைக்குப் போயின. அண்ணன் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்குக் கட்டிக்கொண்டிருந்த கட்டடங்களில் கலவை சுமக்கப் போனான். வேலை இருக்கும், இருக்காது. ரேஷன் அரிசி பாதி மாதத்தைத் தாண்டாது. அப்புறம் தரையில் ஓடுவது, ஊர்வது, மண்ணுக்குள் கிடப்பது எல்லாம் எங்கள் சட்டிக்கு வந்து சேர்ந்தன.

மலையில் கை வைக்கக்கூடாது என்பதில் அம்மா கண்டிப்பு. "சாமி மலைலேர்ந்து ஒரு முயக்குட்டி இந்த வூட்டுக்குள்ள வந்துது, நான் கெணத்துல குதிச்சிருவேன்" என்றாள். தண்ணீரில்லாத கிணறு என்று நான் சொன்னதற்கு அடி வாங்கினேன். அதனால் அண்ணன் காய்ந்துபோன ஏரிக்குள் கண்ணி வைத்தான். காடை விழும், கௌதாரி விழும், என்றைக்காவது முயல். ஒருமுறை உடும்பு. வயல் நண்டு, நத்தை, புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து வேகவைத்தது, கள்ளிப்பழம், பெயர் தெரியாத கீரைகள். எலியும் தின்றோம். ஏன் மறைக்க வேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். அண்ணன் வரப்பில் வளையைத் தோண்டி எலியையும் பிடித்தான், அது உள்ளே சேர்த்து வைத்திருந்த நெல்லையும் மல்லாட்டையையும் அள்ளிக்கொண்டு வந்தான். எங்களைவிட அது நல்ல குடித்தனம் பண்ணியிருந்தது. வைக்கோல் தீயில் வாட்டிய வாசனை தெருவுக்குப் போய்விடுமோ என்று அம்மா சாம்பிராணி போட்டாள். முதலில் தொட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள், கடைசியில் தின்றுவிட்டு, "முயலு மாதிரிதான் இருக்குது" என்றாள்.

எதுவானாலும் முதல் வாய் அண்ணிக்கு. எதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. காடை, கௌதாரி, முயல் என்றால் புளியமரம் வரைக்கும் ஒரு நடை. நண்டு, நத்தை என்றால் அதற்கு மேல் கொஞ்ச நேரம். கிழங்கு என்றால் மட்டும் விட மாட்டாள். காலையில் வேகவைத்து ஒரு வாய் தின்றுவிட்டு, "பொழுது சாயட்டும்" என்பாள். சட்டி அடுப்படியில் மூடிக் கிடக்கும். நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வருவோம்.

"நல்லா இருக்கா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு அண்ணி" என்று ஒருநாள் பசி தாங்காமல் கத்தினேன்.

"நாக்குக்கு இன்னா தெரியும் பாப்பா. வாயில போட்ட எல்லாத்தையும் நல்லாருக்குன்னுதான் சொல்லும். வயிறு பேசட்டும்."

நடக்கும்போது அவள் கை வயிற்றின்மேலேயே இருக்கும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டு, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, வாசலுக்கும் மரத்துக்குமாக நடப்பாள். யார் பேசினாலும் காதில் விழாது. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். இது தீனி தின்கிறவள் முகமில்லை என்று அப்போதே தோன்றியது. ஆனால் பசியில் இருக்கிறவளுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது.

ஒரு தீபத்தன்று சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள் அதிசயமாக ஒரு மழை. மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் ஊரே அந்தப் பக்கம் திரும்பி அரோகரா என்று கத்துகிறது. அண்ணியும் கை கூப்பினாள், ஆனால் கண் கீழே வாசல்படியில். வரிசையாக வைத்திருந்த அகல் விளக்குகளில் ஈசல் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு விளக்கை வைத்தாள். "அடிப்பாவி, சாமி வௌக்கு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சாமி தானே அத்தை அனுப்புது" என்றாள் அண்ணி. மறுநாள் காயவைத்து வறுத்து, முறத்தில் புடைத்து இறகை ஊதி, பொரியும் உப்பும் போட்டுக் கலந்தாள். ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு நடந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. அவள் திரும்பி வந்து ஒவ்வொரு கையிலும் போட்டாள். அன்றைக்கு மட்டும் யாரும் அவளை முந்திரிக்கொட்டை என்று சொல்லவில்லை.

இனி அந்தக் கிழங்கு நாள்.

அண்ணன் வேலி ஓரமாகத் தோண்டி ஒரு கூடைக் கிழங்கு கொண்டுவந்தான். காட்டுவள்ளி என்றான். கொடி காய்ந்து உதிர்ந்துபோனதால் இலையைப் பார்த்து அடையாளம் சொல்ல வழியில்லை. "பார்த்தா வள்ளி மாதிரிதான் கீது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அண்ணி வேகவைத்தாள். ஒரு வாய் தின்றாள். "பொழுது சாயட்டும். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுள்ளி பொறுக்க ஏரிப் பக்கம் நடந்தாள். நானும் கூடப் போனேன். அவள் மகனுக்கு அப்போது பேச்சு வந்து, ஓடியாடும் வயது. முந்தின நாளிலிருந்து சரியான சாப்பாடில்லை. நாங்கள் சுள்ளிக்கட்டோடு திரும்பி வரும்போது பிள்ளை அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தான். வாயைச் சுற்றிக் கிழங்கு.

"அழுது அழுது நீலம் பாரிச்சுட்டான். உன் சட்டத்துக்குப் புள்ளய சாவடிக்கவா? ஆம்பளப் புள்ள பசியில கத்துது, நீ மட்டும் தின்னுட்டுப் போயிருக்க!" அம்மா முந்திக்கொண்டு சத்தம் போட்டாள்.

அண்ணியின் தலையிலிருந்த கட்டு அப்படியே விழுந்தது. அவள் போட்ட கத்தல் மனுஷி கத்தின மாதிரியே இல்லை. பிள்ளையைப் பிடுங்கிக் குப்புறக் கவிழ்த்து, வாய்க்குள் விரலை விட்டாள். அவன் கக்கினான். மறுபடி விட்டாள். அம்மா தடுக்க வந்தாள், அண்ணி முழங்கையால் தள்ளியதில் போய்ச் சுவரில் மோதினாள். வாந்தியில் விரலை விட்டுத் துழாவி, எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் ஏறிவிட்டாள். நான் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கிரிவலப் பாதையிலேயே நடந்தோம். நடந்தோம் என்றா சொல்வது, அவள் ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது. பிள்ளை தோளில் கண் சொருகினால் கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பினாள். "தூங்காதடா, என் சாமி, தூங்காத." எதிரே ஒரு லிங்கத்தின் சந்நிதியில் நின்றிருந்த வயதான தம்பதி எங்களைப் பார்த்துக் கையெடுத்தார்கள். "கொழந்தையத் தூக்கிக்கினு செருப்பில்லாம கிரிவலம் வரீங்களேம்மா, நல்லா இருப்பீங்க" என்று அந்த அம்மாள் பிள்ளையின் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி நிற்கவேயில்லை.

குபேர லிங்கம் தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தாள். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் பாப்பா. அம்மா அப்பா ரோடு வேலைக்குப் போயிருந்தாங்க. அப்பவும் இந்த மாதிரிதான், மழையில்ல. நான்தான் வேலியில தோண்டி எடுத்தேன். நான்தான் வேவ வச்சேன். ஆம்பளப் புள்ளைக்குத்தான் மொதல்ல போடணும்னு சொல்லித் தந்துருந்தாங்க. போட்டேன். நல்லாருக்குது அக்கான்னு இன்னும் கேட்டான். இன்னும் போட்டேன். அம்மா அப்பாவுக்கு இருக்கட்டும்னு நான் தின்னவே இல்ல."

பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வள்ளி இல்ல அது. கலப்பைக் கெழங்கு, வெசம். பொழுது சாயறப்ப வாந்தி ஆரம்பிச்சுது. விடியறதுக்குள்ள போய்ட்டான். நான் மொதல்ல ரெண்டு வாய் தின்னுருந்தா அவன் இருந்திருப்பான் இல்ல?"

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஆனா அன்னிலேர்ந்து நான் பொங்குன சோத்தை அது வாயில வச்சதே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளும் காலையில் அதே கிழங்கைத் தின்றிருக்கிறாள் என்று. பிள்ளைக்காவது வாந்தி எடுக்க வைத்தாள். அவள் வயிற்றில் இருப்பது அப்படியேதான் இருந்தது. "அண்ணி, நீயும் விரல் விட்டு எடு" என்றேன். "எனக்கு எதுக்கு? நான்தானே பாக்கணும்" என்றாள். பிள்ளைக்கு முன்னால் தின்றவள் அவள். அவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. தன் வயிற்றைக் கையால் அழுத்திக் கேட்டபடியே அவள் அத்தனை தூரமும் நடந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் கண்ணையும் வயிற்றையும் பார்த்தார். என்ன கிழங்கு என்று கேட்டார். தெரியாது என்றோம். இங்கேயே இருங்கள், பார்க்கலாம் என்றார். வேப்பமரத்தடியில் இருந்தோம். அண்ணி உட்காரவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிள்ளையையும் நடக்க வைத்தாள். வெயில் சாய்ந்து மரத்து நிழல் மதில் மேல் ஏறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிமெண்ட் படிந்த சட்டையோடு அண்ணன் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பிள்ளை, "பன்னு" என்றான். அண்ணன் வாங்கி வந்தான். அண்ணி வாங்கி ஒரு கடி கடித்தாள். நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு அவள் ஒரு நடை நடந்து வரும்வரை நின்றோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிழங்குச் சட்டி, மூடியபடி. பிள்ளையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். கையை நீட்டினாள், அண்ணி கொடுத்தாள். நான் அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போய் வழியில் கேட்டதெல்லாம் சொன்னேன். அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு கேட்டாள். வெளியே வந்து, மருமகளின் முகத்தைப் பார்க்காமல், சட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"பொழுது சாஞ்சிருச்சு. திங்கலாமா?"

"திங்கலாம் அத்தை."

நல்ல வள்ளிக்கிழங்குதான் அது. உப்பு கொஞ்சம் கம்மி.

அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆளில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவள் சோறு வடித்தாலும் குழம்பு வைத்தாலும், முதல் கரண்டியை ஒரு கிண்ணத்தில் போட்டு அண்ணி பக்கம் தள்ளுவாள். "இந்தா, தின்னுட்டு நடந்துட்டு வா. சீக்கிரம் வா, இங்க உசுரு போவுது" என்று எரிச்சலோடுதான் சொல்வாள். அம்மா கையால் வைத்ததை அண்ணி தின்னும்போது சில நாள் கண் கலங்கும். மிளகாய் ஜாஸ்தி என்பாள். உறவில் யாராவது முந்திரிக்கொட்டை என்று வாயெடுத்தால் அம்மாவே பாய்ந்தாள். "எங்க வூட்டு சோறு, எங்க வூட்டு மருமவ, உனுக்கு எங்க எரியுது?"

நாள் மாறியது. மழை வந்தது, மல்லாட்டை வந்தது. எனக்கும் கீழ்பென்னாத்தூரில் ஒரு இடம் அமைந்து கல்யாணமானது. அந்த மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது அம்மா எல்லாருக்கும் முன்னால் அண்ணியைக் கூப்பிட்டு முதல் பஜ்ஜியை அவள் கையில் கொடுத்தாள். "எங்க வழக்கம் இது" என்று சம்பந்தியிடம் தலை நிமிர்ந்து சொன்னாள். அவர்களும் பயந்துபோய் சரி என்றுவிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரோடு கொள்ளாத கூட்டம். வழி நெடுக அன்னதானம். அண்ணன் நிலத்தில் பாதியை மனை போட விற்றுவிட்டு வாசலில் டீக்கடை வைத்தான். வீட்டில் எதற்கும் குறையில்லை. அண்ணியின் வழக்கம் மட்டும் மாறவில்லை. அன்னதானப் பொங்கல், கடை பிஸ்கட், ஆசிரமத்துப் பக்கம் விற்கிற கேக், எதுவானாலும் முதல் வாய் அவளுக்கு. மகன் பாலிடெக்னிக் போகிற அளவுக்கு வளர்ந்த பிறகும் டிபன் பாக்ஸில் ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் மூடுவாள்.

அப்புறம் அண்ணிக்கு வயிற்றில் கட்டி. "கண்டதையும் தின்னா இப்படித்தான்" என்று உறவில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். டாக்டரோ அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அவ தின்னதாலதான்டி நாங்க இருக்கோம்" என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் நான் நொய்க்கஞ்சி வைத்து எடுத்துப் போயிருந்தேன். மகன்தான் டம்ளரில் ஊற்றினான். ஊற்றி, ஒரு வாய் தான் குடித்துவிட்டு, கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடக்க ஆரம்பித்தான். அம்மா படுத்திருக்கிறாள், அவள் வேலையை நாம் செய்யலாம் என்று அவன் நினைத்திருக்கிறான், பாவம். அதைப் பார்த்ததும் அண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"துப்புடா! எவன்டா உன்னைக் குடிக்கச் சொன்னது? கக்குடா!"

"வெறும் கஞ்சிம்மா!"

"அண்ணி, நான் வச்ச கஞ்சி அண்ணி."

"யார் வச்சா இன்னா பாப்பா? எனக்கு முன்னால அவன் வாயில போவலாமா?"

அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். எவ்வளவு சொல்லியும் கஞ்சியைத் தொடவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்க்குதா, வயிறு வலிக்குதா, கண்ணு மங்குதா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கின பிறகு, ஏடு கட்டிப்போன அந்தக் கஞ்சியை வாங்கி ரெண்டு வாய் குடித்தாள். அப்புறமும் சில மாதம் இருந்தாள். எங்களில் அவளுக்கு முன்னால் ஒருவர் வாய் வைத்தது அந்த ஒருமுறைதான்.

கருமாதி அன்று அண்ணிக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். கோழிக்குழம்பு, கருவாடு, கேசரி, வள்ளிக்கிழங்கு. இலை போட்டுப் படைத்துவிட்டு, ஒரு இலையை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்க மதில்மேல் வைத்தான் அவள் மகன். "கா, கா" என்று கூப்பிட்டான். செத்தவர்கள் காக்காயாக வந்து தின்ற பிறகுதானே வீட்டில் மற்றவர்கள் கை நனைக்க வேண்டும். உறவெல்லாம் காலையிலிருந்து பட்டினி. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

காக்கா வர வெகுநேரமானது. வந்தது, மதில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. குழம்பை விட்டது, கேசரியை விட்டது, நேராகப் போய் ஒரு துண்டுக் கிழங்கைக் கொத்தி விழுங்கியது.

"தின்னுருச்சு, தின்னுருச்சு! போடுங்க!" என்று பெரியப்பா குரல் கொடுத்தார். நான் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பந்திக்குத் திரும்பினேன்.

காக்கா பறந்து போகவில்லை. மதில் மேலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மதிலையே பார்த்து நின்றவள், என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள். "அவ ஒரு நடை நடந்துட்டு வரட்டும்."